மரக்கலங்களை அளந்த மாலுமி

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். பட்டம் சூடிய ஆண்டையும் படையெடுத்த ஆண்டையும் நம் மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பர். ஏரியை வெட்டியவர், கலப்பையைச் செதுக்கியவர், கலத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவர்கள் ஏடு எழுதவில்லை; அவர்தம் அறிவு முழுவதும் கைகளிலேயே இருந்தது. அத்தகைய கையறிவும் வரலாறே எனக் கண்டு, அதனை அளந்தும் வரைந்தும் ஏட்டில் ஏற்றிய ஒருவரைப் பற்றி நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாக வாழ்வைத் தொடங்கி, கடல்சார் வரலாற்றாசிரியராக அதனை நிறைவு செய்த பிரான்சுவா எட்மோன் பாரிஸ் என்பாரே அவர்.

மூன்று உலகப் பயணங்கள்

எட்மோன் பாரிஸ் 1806ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்த அவர், 1826இல், தம் இருபதாம் வயதில், ‘அஸ்த்ரோலாப்’ என்னும் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அதன் தலைவர் துமோன் துர்வில். பசிபிக் பெருங்கடலின் தீவுகளை ஆராய்வதும், நாற்பதாண்டுகளுக்கு முன் அக்கடலில் மறைந்துபோன லா பெரூஸ் என்ற மாலுமியின் கப்பல்களைத் தேடுவதும் அப்பயணத்தின் நோக்கங்கள். வனிக்கோரோ என்னும் தீவருகே அக்கப்பல்களின் சிதைவுகளை 1828இல் அக்குழுவினர் நேரிற் கண்டனர். 1829இல் தாயகம் திரும்பிய பாரிஸ், அவ்வாண்டின் இறுதியிலேயே ‘ஃபவோரித்’ கப்பலிலும், பின்னர் 1837 முதல் 1840 வரை ‘ஆர்த்தெமீஸ்’ கப்பலிலும் மீண்டும் உலகை வலம் வந்தார். இவ்விரண்டுக்கும் லப்லாஸ் என்பவர் தலைவராயிருந்தார்.

கரைகளை அளந்து வரைபடம் தீட்டுவது அக்காலக் கடற்படை அதிகாரிகளின் கடமைகளுள் ஒன்று. பாரிஸ் அத்துடன் நிற்கவில்லை. கப்பல் நங்கூரமிட்ட துறைகளில் உள்ளூர் மக்கள் கட்டிய தோணிகளையும் படகுகளையும் பாய்மரக் கலங்களையும் அளந்து வரைந்தார். இது தாமாக விரும்பி அவர் மேற்கொண்ட பணியாகும்.

சோழமண்டலக் கரையில்

அவருடைய பயணங்களில் புதுச்சேரியும் ஒரு துறை. அந்நாளில் புதுச்சேரியிலோ சென்னையிலோ பெருங்கப்பல்கள் கரையணையத்தக்க துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்கும். இடையில் பேரலைகள் புரண்டு உடையும். ஐரோப்பியரின் படகுகள் அவ்வலைகளிற் சிக்கினால் உடைந்து போகும். ஆகவே ஆளுநராயினும் வணிகராயினும் நம் கடற்கரை மக்களின் படகில் ஏறியே கரை சேர வேண்டியிருந்தது.

அப்படகைப் பிரெஞ்சுக்காரர் ‘செலேங்’ என்றனர். நம் ‘சலங்கு’ என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. ஆங்கிலேயர் அதனை ‘மசூலாப் படகு’ என்றனர். அதன் பலகைகள் ஆணியால் அறையப்படுவதில்லை. தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைக்கப்படுவன. உள்ளே விறைப்பான மரச்சட்டங்களும் இல்லை. இதனைப் பார்க்கும் அயலார் வலிமையற்ற கட்டுமானம் என்று எண்ணக்கூடும். உண்மையோ வேறு. ஆணியறைந்து இறுக்கிய படகு மணலில் மோதும்போது பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். கட்டுமரமும் இத்தகையதே. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அதில் ஏறும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடுமாதலின், நீர் நிறைந்து மூழ்கும் அச்சம் இல்லை. அச்சொல் இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. இக்கலங்களின் நீள அகலங்களையும் கட்டும் முறையையும் பாரிஸ் தம் ஏட்டிற் பதிவு செய்தார்.

மூன்றாம் பயணத்தின்போது இதே கரையில் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. இரும்பு வார்ப்பாலை ஒன்றைப் பார்வையிடுகையில் அவருடைய இடக்கை எந்திரத்தின் பற்சக்கரங்களிற் சிக்கியது. அக்கையை அவர் இழந்தார். முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த அவர் பணியை விட்டு விலகவில்லை. எஞ்சிய கையைக் கொண்டே வரைந்தார், எழுதினார், கப்பலும் செலுத்தினார்.

அரிய நூல்

1841 முதல் அவருடைய பெருநூல் வெளிவரலாயிற்று. ‘ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பற்கட்டுக்கலை பற்றிய ஆய்வு’ என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். அரபு நாடு, இந்தியா, மலேயா, சீனா, பசிபிக் தீவுகள், தென்னமெரிக்கா ஆகிய இடங்களின் கலங்கள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய படத்தாள்களில் இடம்பெற்றன. அவை வெறும் காட்சிப் படங்கள் அல்ல. பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு என உரிய அளவு விகிதத்துடன் வரையப்பட்டவை. தேர்ந்த தச்சர் ஒருவர் அவற்றைக் கொண்டு அக்கலத்தை மீண்டும் கட்டிவிட இயலும். ஒவ்வொரு கடலின் அலைக்கும் காற்றுக்கும் கிடைக்கும் மரத்திற்கும் ஏற்ப அறிவு வேலை செய்திருக்கிறது என்பதை அந்நூல் சொல்லாமற் சொல்கிறது.

இவர் பழமையில் மட்டும் தோய்ந்தவர் என எண்ணிவிடலாகாது. நீராவிக் கப்பல் நுட்பத்தில் அவர் வல்லுநர். பொன்ஃபூ என்பாருடன் இணைந்து பாய்க்கப்பல், நீராவிக் கப்பல் ஆகிய இரண்டுக்குமான கலைச்சொல் அகராதி ஒன்றை 1847-48இல் வெளியிட்டார். கிரிமியப் போரிலும் பணியாற்றினார். 1863இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினரானார். 1864இல் துணை அட்மிரலாக உயர்ந்தார். நீராவியின் வருகையால் பழங்கலங்கள் மறையும் என்பதை நீராவியை அறிந்த அவரைவிட யார் நன்கு உணர்ந்திருக்க முடியும்?

1871இல் பணி ஓய்வு பெற்றார். ஓய்வென்பது அவருக்குப் பெயரளவில்தான். பாரிஸ் நகரின் லூவர் அரண்மனையில் அந்நாளில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக அமர்ந்து, 1893இல் தம் எண்பத்தேழாம் வயதில் மறையும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார். தாம் முன்னர் வரைந்த படங்களைக் கொண்டு அக்கலங்களின் சிறு மாதிரிகளைச் செய்வித்தார். 1882 முதல் ‘கடல் நினைவுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் கப்பல் வரைபடத் தொகுதிகளையும் வெளியிட்டார்.

நாம் எண்ண வேண்டியவை

பெரியோரைப் போற்றும்போது குறையையும் மறைத்தல் கூடாது. பாரிஸ் ஏறிச் சென்ற கப்பல்கள் அறிவை மட்டும் தேடிச் செல்லவில்லை. பேரரசின் பீரங்கிகளையும் சுமந்து சென்றன. அவர் பணியாற்றிய ஆர்த்தெமீஸ் 1839இல் ஹவாய்த் தீவின் அரசரைப் போர் அச்சுறுத்தலால் பணியவைத்து, 20,000 டாலரைப் பிணைத்தொகையாகப் பெற்றது. அளவுகோலும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்தன என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. அந்நூலின் அட்டையில் வரைந்தவரின் பெயர் இருக்கிறது. கலத்தின் நீளம் தெரிகிறது, அகலம் தெரிகிறது, கயிறு தைத்த முறை தெரிகிறது. தைத்தவரின் பெயரோ தெரியவில்லை. அலையை வென்ற அறிவு அவருடையது; அவர் எந்த ஊரினர், யாரிடம் கற்றார் என்பன அவரோடு மறைந்தன. அயலார் ஒருவர் எழுதும்வரை காத்திருந்தால் வரலாற்றில் பாதியே கிடைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாரிஸ் பயன்படுத்திய கருவிகள் அளவுநாடாவும் தாளும் எழுதுகோலுமே. அவை இன்று நம் வீடுகளிலும் உள்ளன, படிப்பும் வந்திருக்கிறது. ஏர் பூட்டிய, மடை திறந்த, தோல் பதப்படுத்திய, பறை கட்டிய கைகள் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றன. இளைஞர்களே, அப்பெரியோர்களின் அருகில் அமருங்கள். அவர்தம் கருவியை அளந்து வரையுங்கள். செய்முறையைக் கேட்டு எழுதுங்கள். அத்தாளின் முதல் வரியில் அவர்தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பாரிஸ் எழுதாது விட்ட அந்த ஒரு வரியை எழுதும் பொறுப்பு நம்முடையது.