குட்டை நெல்லும் வறட்சியும்

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8, இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பீட்டாவையும் தைவானின் குட்டை நெல்லான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் இணைத்துப் பெறப்பட்டது. தழைச்சத்து மிகுந்தால் வளர்ந்து சாய்ந்துவிடும் பழைய ரகங்களைப் போலன்றி, இது உரத்தை வைக்கோலாக்காமல் மணியாக்கி நிமிர்ந்து நின்றது. ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் உற்பத்தியைக் குறைக்கும் எஸ்.டி.1 மரபணு மாற்றமே இக்குட்டைத்தன்மைக்குக் காரணம் என்பது 2002-இல்தான் துலங்கியது.

இவ்வழிவந்த ரகங்கள் வானம் பார்த்த நிலங்களில் தடுமாறின. தொண்டைக்கதிர்ப் பருவத்தில் மண் காய்ந்தால் இலைகள் சுருள்கின்றன, கதிர் கண்ணாடி இலையின் உறையைவிட்டு முழுதாக வெளிவராமல் சிக்குகிறது, மகரந்தம் மலடாகிப் பூக்கள் பதராகின்றன. பின்னர் பெய்யும் மழையால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. ஆயினும் தேர்வுகள் பெரும்பாலும் பாசன வயல்களிலேயே நடந்தன. வறண்ட வயலின் விளைச்சல் வேறுபாட்டில் மரபின் பங்கு மிகக் குறைவு என்று கருதிய ஆய்வாளர்கள், வேரின் ஆழம், இலைச் சுருள்வு முதலிய துணைப் பண்புகளையே நெடுங்காலம் அளந்துவந்தனர். குட்டைத்தன்மையைக் காட்டிலும் இத்தேர்வு முறையே பெரிய குறை எனலாம்.

வயலை வடித்து, வறட்சியிலேயே விளைச்சலை நேராக அளக்கத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. விளைச்சல் போன்ற, பல மரபணுக்கள் சேர்ந்து நிர்ணயிக்கும் பண்பில் தனித்துத் தெரியும் தாக்கமுடைய குரோமோசோம் பகுதியை அளவுசார் பண்பிடம் என்பர். அத்தகைய வலுவான பண்பிடம் ஒன்று, இந்தியாவின் மேட்டுநில நெல்லான வந்தனாவையும் இந்தோனேசியாவின் வே ராரெமையும் இணைத்த வழித்தோன்றல்களில், 12-ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டு 2007-இல் அறிவிக்கப்பட்டது. அதன் நற்கூறு வறட்சிக்கு ஈடுகொடுக்காத வே ராரெமிலிருந்தே வந்திருந்தது என்பது வியப்புக்குரியது. நேரடித் தேர்வின் பயனாகவே, ஹசாரிபாக்கில் சோதிக்கப்பட்ட சஹபாகி தான் என்னும் ரகம் 2010-இல் இந்திய உழவர்களை எட்டியது.

உத்தரப் பிரதேசத்தின் நகினா 22 நெல்லில் அடுத்துக் கிடைத்த பண்பிடமோ முதலாம் குரோமோசோமில், எஸ்.டி.1-ஐ ஒட்டியே அமைந்திருந்தது. நெருங்கி அமைந்த மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுவதால், குட்டைச் செடிகளைத் தேர்ந்தவர்கள் தம்மை அறியாமலே வறட்சி தாங்கும் கூற்றையும் தலைமுறைதோறும் கழித்துவந்திருந்தனர். இப்பிணைப்பு அறுந்து, குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் அமைந்த வழித்தோன்றல்கள் கிடைத்த செய்தி 2015-இல் வெளியாயிற்று.