பின்கட்டுக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி

பூண்டியில் எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரே இடத்தில்தான் நிற்கும். மாடியில், கிழக்குப் பார்த்த ஜன்னல். மகள் அங்கேதான் சிம் போடும் ரவுட்டரை வைத்திருக்கிறாள். பின்கட்டுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு கனத்த கல் சுவர்கள். போன மார்கழியில் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சர்க்கரை டாக்டரிடம் வீடியோவில் பேசிவிட்டு வந்த என் மனைவி, ஒரு வாரம் இருமினாள். "அடுத்த தடவை நீங்களே போய் என் சர்க்கரையைச் சொல்லிட்டு வாங்க" என்று முடித்துவிட்டாள்.

ஆக, பின்கட்டுக்கு ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் வாங்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சில் இதை 'போர்ன்' என்பார்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லுக்கும் அதே சொல்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த பிள்ளை. ரேடியோவுக்கு எங்கள் ஆசிரியர் சொன்ன பெயர் 'தே.எஸ்.எஃப்.', அதாவது கம்பியில்லாத் தந்தி. வீட்டில் அப்பா ஒரு வால்வு ரேடியோ வைத்திருந்தார். அதற்கு லைசென்ஸ் உண்டு. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி, அனுமதியில்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றம். வருடத்துக்கு 15 ரூபாய் கட்டி, தபாலாபீஸில் சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்க வேண்டும். ஒரு வருடம் அப்பாவால் கட்ட முடியவில்லை. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று யாரோ சொல்ல, அம்மா ரேடியோவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து மேலே சாக்கைப் போட்டாள். யாரும் வரவில்லை. ஆனாலும் அப்பா அதற்குப் பிறகு சத்தத்தைக் கூட்டியதே இல்லை. 1980-களில் அந்த லைசென்ஸ் எடுக்கப்பட்டபோது அவர் இல்லை.

கேட்பதற்கே அனுமதி வேண்டும் என்றிருந்த நாட்டில், இன்று அலையை அனுப்பும் பெட்டியையே கடையில் கேட்டு வாங்குகிறோம். இது எப்படி வந்தது? 1985-இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கியிருந்த அலைவரிசைகளில் லைசென்ஸ் இல்லாமல் தொடர்புக் கருவிகளும் இயங்கலாம் என்றது. 1997-இல் முதல் வைஃபை தரநிலை வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட்தான். இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு அறிவிக்கை வந்தது. அனுப்பும் திறனுக்கு மட்டும் ஒரு வரம்பு. நாற்பது வருடம் அறிவிக்கைகளை ஃபைலில் கோத்தவன் நான். இவ்வளவு பேருக்குப் பயன்பட்டும் இவ்வளவு பேர் படிக்காத அறிவிக்கை இன்னொன்று இருக்குமா, தெரியவில்லை.

அதன் பலனை முதலில் நன்றாகப் பயன்படுத்தியவர்களில் சிலர் எங்கள் மலைக்குக் கீழேயே இருந்தார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களோடு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபையாலேயே இணைத்தார்கள். உயரத்தில் ஆன்டெனா கட்டி, ஒன்றையொன்று நேராகப் பார்க்க வைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் தேனி டாக்டர் திரையில் பேசினார்.

ஒரு சிக்கல் வந்தது. வைஃபை ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகைச் சீட்டு மாதிரி பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள் அது சரி. பல கிலோமீட்டர் தூரத்தில், பதில் வருவதற்குள் பொறுமை இழந்து மறுபடியும் அனுப்பும். அந்த விதியை மாற்றி எழுதி, 2007-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஆனால் அவர்களை அதிகம் படுத்தியது அலை அல்ல, நம்ம ஊர் மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது.

இதைப் படித்திருந்ததால்தான் பேரன் காட்டிய ஆறு கொம்பு பெட்டியை வேண்டாம் என்றேன். "பூண்டு வயலுக்கும் சேர்த்தாடா?" என்று கேட்டேன். ரிப்பீட்டரும் வேண்டாம். சுவர் தாண்டி வந்த பலவீனமான அலையை வாங்கித்தான் அது திருப்பிக் கொடுக்கும். மாடி ரவுட்டரிலிருந்து லேன் கம்பி ஒன்றைப் பின்கட்டுக்கு இறக்கினோம். 100 மீட்டர் வரை தாங்கும், எங்களுக்கு இருபதே போதும். கம்பி முனையில் ஒரு சின்ன ஆக்ஸஸ் பாயின்ட். அதே கம்பியில் மின்சாரமும் போகும் வகையைத்தான் தேடி வாங்கினேன். மாடியில் ஒரு யுபிஎஸ் வைத்தால் இரண்டு பெட்டிக்கும் ஆயிற்று. வாங்கியதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டர் மட்டும் செய்ய வேண்டும். இரண்டு பெட்டியும் கொடுத்தால், ஒரே ஃபைலுக்கு இரண்டு செக்‌ஷனில் நம்பர் போட்ட கதைதான். கல் சுவருக்கு 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 தேவலை.

போன வாரம் என் மனைவி அடுப்பங்கரைப் பக்கம் கதகதப்பாக உட்கார்ந்து டாக்டரிடம் பேசினாள். படமும் பேச்சும் தெளிவு. சர்க்கரை அளவை மட்டும் இருபது குறைத்துச் சொன்னாள். நான் பக்கத்து அறையிலிருந்து, அப்பா மாதிரி இல்லாமல், சத்தமாகவே திருத்தினேன்.