வளைக்குள்ள இருக்கற நெல் யாருது?

மாமல்லபுரம் போயிருப்பீங்க. அர்ஜுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறைக்கு முன்னாடி நின்னு போட்டோவும் எடுத்திருப்பீங்க. அடுத்த தடவை போனா, யானைகளுக்குப் பக்கத்துல கொஞ்சம் கீழே பாருங்க. ஒரு பூனை பின்னங்கால்ல நின்னுகிட்டு, முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும். அதோட காலடியில எலிகள். மகாபாரதத்துல வர்ற போலிச் சாமியார் பூனை கதைதான். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அதைக் கல்லுல வெச்சிருக்கார். சுத்தி நெல் விளையற நாடு, எலிகளைப் பார்க்காம இருந்திருக்க மாட்டார்னு நினைச்சுக்குவேன். இது என்னோட ஊகம் மட்டும்தான்.

இன்னைக்கு எபிசோடு அந்த எலிகளைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, செங்கல்பட்டுப் பக்கத்து வயல்ல எலி பிடிச்சவங்களைப் பத்தி. இதை நான் பேச ஒரு சொந்தக் காரணமும் இருக்கு.

எங்க தாத்தாவுக்கு மதுராந்தகம் பக்கத்துல கொஞ்சம் நிலம் இருந்தது. சம்பா அறுப்பு முடிஞ்சதும் ஒரு இருளர் குடும்பம் வரும். அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, ஒரு நாய், ஒரு கடப்பாரை, ஒரு மண்பானை. வரப்பு வரப்பா போய் எலிவளையைத் தோண்டுவாங்க. எலியையும் எடுத்துக்குவாங்க, எலி உள்ள சேர்த்து வெச்சிருக்கற நெல்லையும் அள்ளுவாங்க. எலி பிடிச்சதுக்குத் தாத்தா கூலி எதுவும் தர மாட்டார், அந்த நெல்தான் கூலி. ஆனா கடைசியில மரக்காலை எடுத்துட்டு வந்து, அள்ளின நெல்லை அளந்து, பாதியை வாங்கிக்குவார். "நம்ம வயல்ல விளைஞ்சதுதானே"ன்னு சொல்வார். எனக்கு அப்ப எட்டு ஒன்பது வயசு இருக்கும். அந்தம்மா ஒண்ணும் பேசாம முந்தானையை விரிச்சு மீதியை வாங்கிக்கிட்டது ஞாபகம் இருக்கு. அது தப்புன்னு அன்னைக்கு எனக்குத் தோணல. தோணினதுக்கப்புறம் கேட்கத் தாத்தா இல்ல.

சரி, எலிக்கு வருவோம்.

'எலி'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம், ஆனா வயல்ல இருக்கறது ஒரே எலி இல்ல. வரப்பைக் குடையற வரப்பெலி, மேட்டு நிலத்துல இருக்கற வெள்ளெலி, சின்னதா சுண்டெலி, ஊருக்குள்ள பெருச்சாளி. இங்கிலீஷ்ல 'பண்டிகூட்'னு சொல்றாங்களே, அந்த வார்த்தை தெலுங்கு 'பந்திகொக்கு'லேர்ந்து போனது. பன்னி எலின்னு அர்த்தம். நெல் சேர்த்து வைக்கறதுல முக்கியமான ஆள் வரப்பெலி. கதிரைச் சாய்வா நறுக்கி, வளைக்குள்ள இழுத்துட்டுப் போய் அடுக்கும். சில வளையில கிலோக்கணக்குல நெல் கிடைக்கும்.

அதோட எண்ணிக்கை பயிரோட சேர்ந்து ஏறி இறங்கும். கதிர் பால் பிடிக்கற நேரத்துல பெண் எலி குட்டி போட ஆரம்பிக்கும். சினைக்காலம் சுமார் மூணு வாரம்தான், ஒரு ஈத்துல ஏழெட்டுக் குட்டி சாதாரணம். ஐப்பசி கார்த்திகை மழையில வயல் முங்கினா வளையெல்லாம் அழியும். மிச்சம் இருக்கறது உயரமான வரப்புல வந்து நெருக்கியடிச்சு இருக்கும். தண்ணி வடிஞ்சா திரும்பப் பெருகும். செங்கல்பட்டு ஏரிப்பாசன ஊர். ஏரியில தண்ணி இருந்தா சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டமும் நடக்கும். பக்கத்து பக்கத்து வயல்ல ஆளுக்கொரு நேரத்துல நட்டா எலிக்கு வருஷம் முழுக்க சாப்பாடு, ஊரே ஒண்ணா நட்டு ஒண்ணா அறுத்தா நடுவுல சில மாசம் பட்டினி. அதனால எலி ஜாஸ்தியா கம்மியாங்கறது எலி கையில மட்டும் இல்ல, ஊர்க்காரங்க எப்படி நடறாங்கங்கறதுலயும் இருக்கு.

எலியை எப்படி எண்ணறது? வேளாண்மைக்காரங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. சாயங்காலம் வரப்புல இருக்கற எல்லா வளையையும் மண்ணு போட்டு மூடிடணும். காலையில எத்தனை வளை திறந்திருக்கோ அத்தனையிலயும் எலி இருக்கு. ரொம்ப எளிமையான வழி. நான் இதைத் திருக்கழுக்குன்றம் பக்கத்துல ஒரு இருளர் பெரியவர்கிட்ட பெருமையா சொன்னேன். "மூடறதுக்கு எதுக்குப்பா மெனக்கெடணும்? பார்த்தாலே தெரியுமே"ன்னார்.

அவரோட ஒரு காலைப்பொழுது நடந்தேன். வாசல்ல ஈரமண்ணு உருண்டை உருண்டையா கிடந்தா ராத்திரி வேலை நடந்திருக்கு. நறுக்கின தாள் பச்சையா இருந்தா உள்ள ஆள் இருக்கு. சிலந்தி வலை கட்டியிருந்தா காலி வீடு. பெரிய வாசல் ஒண்ணு, அதைத் தவிர தப்பிக்க ரெண்டு மூணு சின்ன வாசல், சிலது மேல மெல்லிசா மண்ணு மூடி இருக்கும். அந்தச் சின்ன வாசலை முதல்ல தேடி அடைச்சுட்டுத்தான் தோண்டணும், இல்லன்னா எலி இன்னொரு பக்கம் போயிடும். வளை ஆழமா போனா, பானையில வைக்கோலும் பச்சை இலையும் போட்டுக் கொளுத்தி, வாயை வளையில கவுத்து, பின்பக்க ஓட்டையில வாய் வெச்சு ஊதணும். உள்ள புகை போனதும் எலி மயங்கும். ஊதறவரோட நெஞ்சுக்குள்ளயும் அதே புகைதான் போகும். அவர் உதட்டுல பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. இருமிக்கிட்டேதான் பேசினார்.

இந்த மக்கள் வயலுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும். 1909-ல எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி ஏழு தொகுதி போட்டார். அதுல நீலகிரி இருளரைத் தனியா, செங்கல்பட்டு ஆற்காட்டுச் சமவெளி இருளரைத் தனியா எழுதியிருக்கார். இவங்களுக்கு வில்லியர்னும் ஒரு பேர், வில் வெச்சிருந்தவங்க. தேன், கிழங்கு, மூலிகை, சின்ன வேட்டை எல்லாத்துக்கும் காடுதான் ஆதாரம். ஆனா 1882-லயே மதராஸ் வனச் சட்டம் வந்துடுச்சு. காட்டுக்கு எல்லை போட்டாங்க, உள்ள போக அனுமதி கேட்கணும்னு ஆச்சு. கிழங்கு தோண்டின கடப்பாரை அடுத்தவன் வயல்ல எலி தோண்டற கடப்பாரையா மாறினதுல இந்தச் சட்டத்துக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கறேன். எலி பிடிக்கறது அவங்களுக்கு அதுக்கு முன்னாடியும் தெரியும்தான், ஆனா அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டிய நிலை வந்தது.

அப்புறம் பாம்புத்தோல் வந்தது. வெளிநாட்டுல கைப்பைக்கும் செருப்புக்கும் பாம்புத்தோல் கேட்டாங்க. இருபதாம் நூற்றாண்டு நடுவுல மதராஸ்லேர்ந்து லட்சக்கணக்கில தோல் போச்சு. பிடிச்சுக் கொடுத்ததுல முக்கியமானவங்க இருளர்கள். சாரைப்பாம்பும் நாகமும் எதைத் தின்னு வாழுது? எலியை. அதாவது, எலியைப் பிடிச்ச அதே கை எலி தின்னற பாம்பையும் பிடிச்சது. வியாபாரிக்கு எலி கணக்குல வரல, தோல்தான் கணக்கு. விவசாயிக்குப் பாம்பு போனது நிம்மதி, எலி கூடினது தலைவலி. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அன்னைக்குச் சம்பளம் கொடுத்து யாரையும் வைக்கல.

1972-ல வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதியை நிறுத்தினாங்க. நல்ல சட்டம்தான், எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஒரே நாள்ல ஒரு சமூகத்தோட கையிருப்பு நின்னு போச்சு. அதே 1976-லதான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறினது. அதுக்கப்புறமும் பல வருஷம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் அரிசி ஆலைகள்லேர்ந்தும் செங்கல் சூளைகள்லேர்ந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கிட்டே இருந்தாங்க. முன்பணம் சில ஆயிரம் வாங்கி, குடும்பத்தோட உள்ளயே அடைபட்டவங்க. எலி வளையிலேர்ந்து நெல் எடுத்துச் சாப்பிட்டவங்க, யாரோ ஒருத்தர் ஆலையில நெல் அவிச்சு, வெளிய வர முடியாம இருந்தாங்க. இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு எப்பவும் தாத்தாவோட மரக்கால் ஞாபகம் வரும்.

நல்லது நடந்த கதையும் உண்டு. ராமுலஸ் விட்டேகர், சென்னை பாம்புப் பண்ணையையும் அப்புறம் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் ஆரம்பிச்சவர், இருளர்கள்கிட்ட பாம்பு பிடிக்கக் கத்துக்கிட்டவர். அவங்களோட சேர்ந்து 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாச்சு. ஈசிஆர்ல போனா முதலைப் பண்ணைக்குள்ளயே இருக்கு, பார்த்திருப்பீங்க. தோலுக்காகக் கொன்ன இடத்துல இப்ப உயிரோட பிடிச்சு, சில வாரம் வெச்சிருந்து விஷம் எடுத்து, வயித்துச் செதிள்ல அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுடறாங்க. இந்தியாவுல விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்துல பெரும்பகுதி பல வருஷமா அங்கேர்ந்துதான் போகுது. 1986-ல தண்டரையில இருளர் பெண்களுக்கான நலச்சங்கமும் வந்தது, மூலிகையும் மரக்கன்னும் அவங்க வேலை. 2017-ல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும் அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குப் போய், ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள 13 மலைப்பாம்பு பிடிச்சுக் கொடுத்தாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

பாம்புக்கு ஒரு சங்கம் கிடைச்சது. எலிக்கு அந்த அளவுக்கு அமையல. ஏன்னு யோசிச்சா, பாம்புக்கு விஷத்தை வாங்க மருந்து கம்பெனி இருக்கு. செத்த எலியை வாங்க யாரு இருக்காங்க? எலி பிடிச்சதால நஷ்டம் ஆகாம மிச்சமான நெல்லுக்கு யாரும் பில் போடறதில்ல.

அப்ப தலைக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துட்டா? ஹனோய்ல 1902-ல பிரெஞ்சு அரசாங்கம் அதைத்தான் பண்ணிச்சு. பிளேக் பயத்துல, எலிவால் கொண்டுவந்தா காசுன்னாங்க. வால் குவிஞ்சது. கொஞ்ச நாள்ல ஊருக்குள்ள வாலில்லாத எலி ஓடிச்சு, வாலை நறுக்கிட்டு இன்னும் குட்டி போடட்டும்னு விட்டிருக்காங்க. ஊருக்கு வெளிய எலி வளர்த்தவங்களும் உண்டு. திட்டத்தை நிறுத்திட்டாங்க. வாலை எண்ணினா எலி குறைஞ்சதா அர்த்தம் இல்ல. நெல்லைக் கூலியா எடுத்துக்கற பழைய ஏற்பாட்டுல இந்தத் தில்லுமுல்லுக்கு வழியே இல்லைங்கறதைக் கவனிங்க. வளையைக் கடைசி வரைக்கும் தோண்டினாத்தான் நெல்.

நம்ம ஊர்ல அதுக்குப் பதிலா விஷம் வந்தது. கறுப்புப் பொடி, ஜிங்க் பாஸ்பைடு, பொரியிலயோ நொய்யிலயோ கலந்து வைப்பாங்க. எலி புத்திசாலி. கொஞ்சம் தின்னு பார்த்து உடம்புக்கு ஒத்துக்கலன்னா அப்புறம் அந்தப் பக்கமே வராது. அதனால முதல் ரெண்டு மூணு நாள் விஷம் இல்லாம வெச்சுப் பழக்கணும். பெரும்பாலானவங்க அந்தப் பொறுமை இல்லாம நேரா விஷத்தை வெச்சுடுவாங்க. அதுல இருளர்களுக்கு இன்னொரு இழப்பு. விஷம் வெச்ச வயல்ல எலியை எடுத்துச் சுட்டுச் சாப்பிட முடியாது. கறி போச்சு. "நல்லா வயல்ல நெல் தின்னு வளர்ந்த எலி, கோழியை விட ருசி"ன்னார் அந்தப் பெரியவர். நான் சாப்பிடல. கேட்ட கேள்விக்கு மட்டும் தலையாட்டினேன்னு ஒத்துக்கறேன்.

2003-ல ஒரு நல்ல முயற்சி நடந்தது. ஒரு தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் வாயால ஊதற பானைக்குப் பதிலா கையால சுத்தற விசிறி வெச்ச இரும்புப் புகைப்பானை பண்ணிச்சு. உலக வங்கியோட வளர்ச்சிச் சந்தைப் போட்டியில அதுக்குப் பரிசு கிடைச்சது. பெரியவர் அந்த மாதிரி ஒண்ணைப் பயன்படுத்தியிருக்கார். நெஞ்சு எரியலன்னு சொன்னார். இப்ப ஏன் இல்லன்னு கேட்டேன். விசிறி தேஞ்சுபோச்சு, சரிபண்ண ஆள் இல்ல, அதோட வேலையும் குறைஞ்சிடுச்சு.

வேலை குறைஞ்சதுதான் இப்பத்திய கதை. மறைமலைநகர், ஒரகடம், மகேந்திரா வேர்ல்டு சிட்டி, ஓஎம்ஆர்ல சிறுசேரி. நம்மள்ல பாதிப்பேர் அங்கதான் வேலை பார்க்கறோம், நானும் மூணு வருஷம் பார்த்தேன். வயல் முதல்ல தரிசாகும், அப்புறம் கல்லு நடுவாங்க, சீமைக்கருவேலம் முளைக்கும், அப்புறம் குப்பை வரும். எலி எங்கயும் போகல. வரப்பெலி குடோனுக்கும் காலி மனைக்கும் சாக்கடைக்கும் மாறிக்கிச்சு. "எலி இருக்குப்பா, நெல்லுதான் இல்ல. குப்பை தின்ன எலியை நான் எதுக்குப் பிடிக்கணும்?"னார். நாள்கூலி கொடுத்தா பிடிப்பீங்களான்னு கேட்டேன். கொடுத்தா பிடிப்பேன், ஆனா குடோன்காரங்க கம்பெனி ஆளைக் கூப்பிடறாங்க, யூனிஃபார்ம் போட்டிருக்கணுமாமேன்னார்.

அவர் குடும்பம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும். வருஷா வருஷம் இருளர்கள் நாலா பக்கத்துலேர்ந்தும் வந்து மணல்ல கொட்டாய் போட்டுத் தங்கி, விடியக்காலையில கன்னியம்மாவைக் கும்பிடுவாங்க. கல்யாணம் பேசறது, தாலி கட்டறது எல்லாம் அங்கயே நடக்கும். தவம் பண்ற பூனையைப் பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். பார்த்திருக்கார். "பூனை சும்மா நிக்குது, எலி கொழுத்திருக்கு"ன்னார்.

தாத்தா நிலம் இப்ப மனைப்பிரிவு. போன மாசம் பெரியவரை அங்க கூட்டிட்டுப் போனேன். மரக்கால் கதையையும் சொன்னேன், சொல்லாம இருக்க முடியல. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பாதிதானே எடுத்தார்? முழுசா வாங்கிக்கிட்டு எலியை மட்டும் கொடுத்தவங்களும் இருந்தாங்க"ன்னார். கோபமா சொன்னாரா, சமாதானமா சொன்னாரான்னு எனக்குத் தெரியல. அதுக்குள்ள அவர் கண்ணு காம்பவுண்டுச் சுவரோட அடியில போயிடுச்சு. ஈரமண்ணு உருண்டை உருண்டையா வெளிய கிடந்தது. குனிஞ்சு ஒண்ணை எடுத்து விரல்ல நசுக்கிப் பார்த்துட்டு, இந்த மனை யாருதுன்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமான்னு கேட்டார்.