நாற்பது காசுப் பக்கமும் மூன்றாண்டுச் சந்தாவும்: உயர்கல்வியில் பதிப்புரிமையின் தடம்

கூமாப்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் வத்திராயிருப்பு வழியாகக் கிருஷ்ணன்கோவிலுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் வாட்ஸ்அப் குழுவில் முழுப் பாடநூலும் பி.டி.எஃப். ஆக வந்து விழும். யார் ஏற்றியது, யாருடைய புத்தகம் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்; சட்டம் வந்த வழியைப் பார்த்தால் அப்படி முடிக்க வராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. அங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதி எடுத்துப் போனவரை எந்தப் பதிப்பாளரும் வழக்குக்கு இழுக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இந்த வழக்கத்துக்கு எழுத்து வடிவம் தந்தது: பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தால் அது மீறல் ஆகாது என்கிறது அதன் 52-ஆம் பிரிவு. விலை கட்டுப்படியாகாத பாடநூல்களுக்குக் கட்டாய உரிமம் பெற 1983-இல் 32-ஏ பிரிவும் சேர்ந்தது.

ஜெராக்ஸ் இயந்திரம்தான் சிக்கலைக் கொண்டுவந்தது. தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த நூற்பகுதிகளைத் தொகுத்து, பக்கத்துக்கு 40 காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-இல் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். கையால் எழுதினால் குற்றமில்லை என்றால், அதையே இயந்திரம் செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். பாடம் என்பது வகுப்பு மணியோடு முடிவதல்ல என்றும் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்ட மறுத்தது. ஆனால் எடுத்த பகுதி பாடத்துக்குத் தேவைதானா என்ற கேள்வியை விசாரணைக்குத் திருப்பியனுப்பியது. 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கேள்வி விசாரிக்கப்படாமலே நின்றது.

அந்தக் கேள்விதான் இன்று செல்பேசிக்குள் இருக்கிறது. சட்டம் தரும் சலுகை பாடத்தோடு ஒட்டியது, பி.டி.எஃப். கோப்போ பாடத்தைத் தாண்டிப் போகும். தன் வகுப்புக்கு ஒரு அத்தியாயம் அனுப்பும் ஆசிரியரையும் முழு நூலை டெலிகிராமில் ஊருக்கே திறந்துவிடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதே என் வாசிப்பு. ஆய்விதழ்களில் இழுபறி இன்னும் கடுமை. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கிய, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிடும் சை-ஹப் தளத்தின்மீது எல்சவியர் முதலிய பதிப்பு நிறுவனங்கள் 2020-இல் தில்லி உயர்நீதிமன்றம் சென்றன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க ஆணை வந்தது.

தமிழகத்துக்கு இதில் வேறொரு முன்னனுபவம் உண்டு. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் தன் கைக்குக் கொண்டுவந்து, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. நாட்டுடைமை என்ற சொல் நமக்குப் பழகியது அந்த வழியில்தான். ஒருமுறை விலை கொடுத்தாயிற்று; மறுபடி எவரும் வாசல் காக்க வரவில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இதற்கு நேரெதிர்க் கணக்கு. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல காரியம்தான், ஆனால் வாங்கியது வாசிக்கும் அனுமதியை, உரிமையை அல்ல. முதற்கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கே இடம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தம் பணத்தில் சந்தா கட்ட வேண்டும். கூமாப்பட்டி மாணவி பாரதியை எந்த ஜெராக்ஸ் கடையிலும் நகலெடுத்துக்கொள்ளலாம். ஓர் இதழ்க் கட்டுரை வேண்டுமென்றால், அவள் ஏறிய பஸ் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.