பரலோக ராஜ்யம், மூன்ஸ்டர் நகரம்

ஏசுநாதர் அதிகம் பேசிய விஷயம் எது? அன்பு, மன்னிப்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் முதல் மூன்று சுவிசேஷங்களைப் புரட்டினால், திரும்பத் திரும்ப வருவது 'தேவனுடைய ராஜ்யம்'! கடுகு விதை, புளித்த மாவு, வலை, புதையல்... உவமைமேல் உவமை. அது எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பிடிகொடுத்துப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்றார் ஓரிடத்தில். (அந்த கிரேக்க வார்த்தைக்கு 'உங்கள் நடுவில்' என்றும் அர்த்தம் உண்டு. பண்டிதர்கள் சண்டையை இன்னும் முடிக்கவில்லை.) பிலாத்துவின் முன்னால் நின்றபோது, தன் ராஜ்யம் இந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல என்றார். சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்திலோ, அந்த ராஜ்யம் வரவேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

மூலத்தில் உள்ள வார்த்தை 'பசிலேயா'. அதற்கு ராஜா ஆளும் இடம் என்றும் சொல்லலாம், ராஜா ஆளுவது என்றும் சொல்லலாம். நம்மூரில் பழைய பைபிள் 'ராஜ்யம்' என்கிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியம் 'இறையாட்சி' என்கிறது. ராஜ்யம் என்றால் மேப்பில் கோடு கிழித்து, 'இதோ, இதுதான்' என்று காட்டிவிடலாம். 1534-ல் ஜெர்மனியில் சிலர் அப்படித்தான் காட்டினார்கள்.

ஊர் பெயர் மூன்ஸ்டர். லூதர் மூட்டிய நெருப்பு ஐரோப்பாவெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் விரும்பிப் பெறுவதே உண்மையானது என்றார்கள் ஒரு கூட்டத்தார். அனபாப்டிஸ்டுகள் என்று பெயர். கேட்க அப்பாவித்தனமான கருத்துதான். ஆனால் 1529-ல், மறு ஞானஸ்நானம் பெற்றால் மரண தண்டனை என்று ஏகாதிபத்தியம் சட்டமே போட்டது. கத்தோலிக்கர், லூதர் கட்சி, இரண்டு பக்கமும் அடி! அடிபட்டவர்களுக்கு, ராஜ்யம் நாளைக்கே வரப்போகிறது என்ற செய்தி எவ்வளவு இனித்திருக்கும்?

1534 பிப்ரவரியில் மூன்ஸ்டரின் நகரசபை அவர்கள் கைக்குப் போனது. ஹாலந்திலிருந்து வந்து தலைமை தாங்கியவர் யான் மாத்திஸ். தொழில், ரொட்டி சுடுவது. ஞானஸ்நானம் வேண்டாம் என்றவர்களெல்லாம் பனி கொட்டும் குளிரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். நகரத்தின் அதிபதியான பிஷப் ஃப்ரான்ஸ் வான் வால்டெக் படையோடு வந்து வெளியே முற்றுகை போட்டார்.

உள்ளே நடந்த கணக்கு வழக்குதான் காமர்ஸ் படித்த எனக்கு சுவாரஸ்யம். தனிச் சொத்து ஒழிந்தது. தங்கம், வெள்ளி, பணம் எல்லாம் பொதுவில் கொண்டுவந்து கொட்டவேண்டும். சாப்பாடு பொதுப் பந்தியில். ஆனால் பணமே வேண்டாத ராஜ்யம் தனக்கென்று நாணயம் அச்சடித்தது! வெளியிலிருந்து பொருளும் ஆளும் வாங்கவேண்டுமே. பைபிளைத் தவிர மற்ற புத்தகங்களும், பழைய பத்திரங்களும் தீயில் போனது. (கடன்பட்டவர்கள் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள்.)

ஈஸ்டரில் உலகம் முடியும் என்று சொல்லியிருந்தார் மாத்திஸ். ஈஸ்டரும் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கோட்டைக்கு வெளியே போய் பிஷப் படையோடு மோதினார். உடல்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்தது லெய்டன் நகரத்து யான். தையற்காரர், இருபத்தைந்து வயது, நாடகப் பைத்தியம். ஊரில் ஆண்களைப்போல மூன்று மடங்கு பெண்கள் என்ற நிலைமையில், ஜூலையில் பலதார மணத்தைச் சட்டமாக்கினார். எதிர்த்துக் கிளம்பியவர்களில் சுமார் ஐம்பது பேரைத் தீர்த்துக்கட்டினார்கள். ஆகஸ்ட் 31-ல் பிஷப்பின் பெரிய தாக்குதலை ஊரே சேர்ந்து முறியடித்தது. அந்த உற்சாகத்தில் ஒரு பொற்கொல்லர் எழுந்து, கடவுள் யானை ராஜாவாக்கிவிட்டார் என்று அறிவித்தார். இந்த ஊருக்கு மட்டுமல்ல, உலகம் முழுமைக்கும்!

அப்புறம் என்ன... சந்தை மைதானத்தில் சிம்மாசனம், கழுத்தில் தங்கச் சங்கிலி, பதினாறு மனைவிகள். பிரஜைகளிடம் கூடுதலாக இருக்கும் துணிமணியைப் பிடுங்கிக்கொள்ள உத்தரவு. அரண்மனைக்குப் பட்டு. மனைவியரில் ஒருத்தியான எலிசபெத் எதிர்த்துப் பேசி, போக விடும்படி கேட்டாள். அதே மைதானத்தில் ராஜாவே தன் கையால் அவள் தலையை வெட்டினார்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் எதிரிகள். ஊரைவிட்டு விரட்டப்பட்டவர், ஊரைக் காட்டிக்கொடுத்தவர் என்று. அதனால் ஒரு சிட்டிகை குறைத்தே வாசிக்கலாம். பட்டினி மட்டும் பொய்யில்லை. 1535 வசந்தத்தில் நாய், பூனை, எலி, புல் என்று எதுவும் மிச்சமில்லை. வெளியேறிய ஆண்களை பிஷப் படை கொன்றது. பெண்களும் குழந்தைகளும் கோட்டைச் சுவருக்கும் முற்றுகை வரிசைக்கும் நடுவே, புல்லைத் தின்றபடி வாரக்கணக்கில் கிடந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே தேவனிடம்தான் ஜெபம்.

அந்த ஈஸ்டருக்குள் விடுதலை நிச்சயம் என்று யான் வாக்குக் கொடுத்திருந்தார். வரவில்லை. மக்கள் கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? நான் சொன்னது ஆத்ம விடுதலையை, உள்ளத்துக்குள் நடப்பதை என்றார்! ஏசு சொன்ன உள்ளத்துக்குத் திரும்பி வந்துவிட்டார் மனுஷர். அதற்குள் ஊரில் பாதி எலும்புக்கூடு.

கிரெஸ்பெக் என்ற தச்சர் தப்பிப்போய் பலவீனமான இடத்தைக் காட்டிக்கொடுக்க, ஜூன் மாதம் நகரம் விழுந்தது. நுழைந்த படை கருணை காட்டவில்லை. 1536 ஜனவரி 22 அன்று, யானையும் இன்னும் இரண்டு தலைவர்களையும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் மணிக்கணக்கில் வதைத்துக் கொன்றார்கள். உடல்களை மூன்று இரும்புக் கூண்டுகளில் போட்டு லம்பெர்ட்டி தேவாலய கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். தையற்காரரின் ராஜ்யம் கொடூரமானதுதான். அதை முடித்துவைத்த பிஷப்பின் ராஜ்யத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதே ஜனவரியில், நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தன் வேலையை உதறிவிட்டு, சிதறிக்கிடந்த அனபாப்டிஸ்டுகளோடு போய்ச் சேர்ந்தார். ஞானஸ்நானம் பற்றிய கருத்தில் அவருக்கும் யானுக்கும் வித்தியாசமில்லை. ராஜ்யத்தில் மட்டும் வித்தியாசம். வாள் எடுக்கக்கூடாது, யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக்கூடாது, ராஜா வேலை நமக்கு வேண்டாம் என்றார். அவர் தலைக்கும் விலை வைத்தார்கள். இருபத்தைந்து வருஷம் ஊர் ஊராக ஒளிந்து திரிந்து, கடைசியில் 1561-ல் படுக்கையில் செத்தார். அவர் பெயரைச் சுமக்கும் மென்னோனைட்டுகள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். பட்டாளத்தில் சேரமாட்டோம் என்று சொல்லி நாடுவிட்டு நாடு ஓடியே பரவியவர்கள்.

மூன்ஸ்டரின் கோபுரத்தில் கூண்டுகள் இன்னமும் தொங்குகின்றன. எலும்புகள் எப்போதோ போய்விட்டன. 1987-ல் ஒரு சிற்பி, கூண்டுக்கு ஒன்றாக மூன்று சின்ன பல்புகளை உள்ளே வைத்தார். இருட்டினால் எரியும்.