மனித மதியும் சதுரங்க யந்திரமும்

1770 ஆம் ஆண்டில், ஒஸ்திரிய அரசி மரியா திரேசாவின் அவையிலே விந்தையான யந்திரமொன்று காட்டப்பெற்றது. தலைப்பாகை அணிந்த துருக்கியனைப் போன்ற பதுமையொன்று, பெட்டியின்மீது விரிக்கப்பட்ட பலகையிலே சதுரங்கக் காய்களைத் தானே நகர்த்தி, எதிர்த்து ஆடியோரை வென்றது. கெம்பெலன் என்பார் ஆக்கிய அப்பதுமையைக் கண்டு ஐரோப்பா வியந்தது. 1809 ஆம் ஆண்டில் நெப்போலியனும் அதனோடு ஆடினான். ஆட்டத்தில் வல்லவன் ஒருவன் அப்பெட்டியினுள்ளே ஒளிந்திருந்தான் என்பதே அதன் இரகசியம். யந்திரத்தின் பெயரால் வென்றது மனித மதியே.

உண்மையாகவே ஆடவல்ல யந்திரத்துக்கு வழிவகுத்தவர்கள் 20 ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக் காய்களுக்கு 20 நகர்த்தல்கள் உள. இரு பக்கத்தாரும் ஒருமுறை நகர்த்தியதும் அவை 400 வகையாகப் பெருகிவிடுகின்றன. முழு ஆட்டங்களின் வகைகளோ, ஒன்றின் பின் 120 பூச்சியங்களை இட்டாற் பெறப்படும் தொகையளவாகும் என அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன் 1950 ஆம் ஆண்டிற் கணித்தார். அனைத்தையும் ஆராய்தல் இயலாது. ஆகவே, சில நகர்த்தல்களை மட்டும் முன்னோக்கி, அவற்றால் விளையும் நிலைகளுக்கு மதிப்பெண் இட்டு, எதிரி தனக்கு நல்லதையே தெரிவான் எனக் கொண்டு, எஞ்சுவனவற்றுட் சிறந்ததைத் தேர்தல் வேண்டும் என்றார். இங்கிலாந்தின் அலன் டியூரிங்கும் இத்தகைய நிரலொன்றை வகுத்தார். அதனை இயக்கத்தக்க பொறி அன்று கிட்டாமையால், 1952 ஆம் ஆண்டில் தாமே தாளிற் கணக்கிட்டு ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதில் அந்நிரல் தோற்றது.

பத்தாண்டுகளுக்குள் கணிப்பொறியே உலக வாகையராகும் என 1958 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சைமனும் நியூவெலும் எதிர்வு கூறினர். அக்கூற்று பொய்த்தது. 1968 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து வீரர் டேவிட் லெவி, அடுத்த பத்தாண்டுகளில் எந்தக் கணிப்பொறியும் தம்மை வெல்லாது எனப் பந்தயம் கட்டினார். 1978 ஆம் ஆண்டில் ரொரன்டோ நகரில் 3½ - 1½ என்ற கணக்கில் வென்று அப்பந்தயத்தையும் வென்றார். நெடுந்திட்டங்களை யந்திரம் உணராது என்பதை அறிந்து, அவசரமின்றி அமைதியாக ஆடியமையே அவருடைய உத்தி. அமைதியை விடுத்துத் துணிகரமாக ஆடிய ஓர் ஆட்டத்தில் அவர் தோற்றமை கருதத்தக்கது.

எனினும் யந்திரத்தின் வேகம் ஆண்டுதோறும் வளர்ந்தது. உலக வாகையர் கஸ்பரோவ் 1989 ஆம் ஆண்டில் ‘டீப் தோட்’ என்னும் கணிப்பொறியை இரு ஆட்டங்களிலும் எளிதில் வென்றார். 1996 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவில் ‘டீப் புளூ’வுடன் ஆடியபோது முதலாட்டத்தில் தோற்றும், ஈற்றில் 4 - 2 என வாகை சூடினார். 1997 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கில் நிலைமை மாறியது. செக்கனுக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயவல்ல அந்த யந்திரம் 3½ - 2½ என வென்றது. கடைசி ஆட்டம் 19 நகர்த்தல்களுள் முடிந்துவிட்டது.

இவ்வெற்றியால் வழக்குத் தீர்ந்ததெனக் கொள்ளல் தவறு. ஆறே ஆட்டங்களைக் கொண்டு வலிமையை அளந்துவிடுதல் அரிது. 2002 ஆம் ஆண்டிற் பஹ்ரேனில் கிராம்னிக்கும், 2003 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் கஸ்பரோவும் வேறு நிரல்களோடு ஆடிச் சமநிலையே கண்டனர். 2006 ஆம் ஆண்டிற் பொன் நகரில் உலக வாகையர் கிராம்னிக் ‘டீப் பிரிட்ஸ்’ நிரலிடம் 4 - 2 எனத் தோற்ற பின்னரே ஐயம் பெரிதும் அகன்றது. அப்போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில், எதிரியின் அடுத்த நகர்த்தலிலேயே தம் அரசன் வீழ்வான் என்பதை அவர் காணத் தவறினார். களைப்பும் மறதியும் மனிதர்க்கு உரியன, யந்திரத்துக்கு இல.

இன்று இவ்வேறுபாட்டை எண்ணாற் குறிப்பர். மனிதருள் மிக உயர்ந்த தரப்புள்ளி 2014 ஆம் ஆண்டில் நோர்வே வீரர் கார்ல்சன் பெற்ற 2882 ஆகும். சிறந்த நிரல்களின் புள்ளிகளோ 3500 ஐயும் கடந்துவிட்டன. 400 புள்ளி வேறுபாடு இருப்பின், பதினொரு ஆட்டங்களில் வலியவர் ஏறத்தாழப் பத்துப் புள்ளிகளைப் பெறுவர் என்பது இவ்வளவையின் பொருள். ஆயினும் நிரல்களின் புள்ளிகள் அவை தமக்குள் ஆடிப் பெற்றவை. மனிதரின் புள்ளிகளும் அவ்வாறே. இரண்டு வெவ்வேறு தராசுகளில் நிறுத்தவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கழித்தல் முற்றும் பொருந்தாது. யந்திரம் மேலானது என்பது உறுதி. எத்துணை மேலானது என்பதற்கே துல்லியமான அளவில்லை.

வேகம் மட்டுமே வெற்றிக்குக் காரணமன்று என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. 2017 ஆம் ஆண்டில் ‘அல்பா சீரோ’ என்னும் நிரல், ஆட்ட விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்று, ‘ஸ்டொக்பிஷ்’ என்னும் நிரலோடு நூறு ஆட்டங்கள் ஆடியது. அவற்றுள் 28 ஐ வென்று, 72 ஐச் சமன்செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. எதிரி செக்கனுக்கு 7 கோடி நிலைகளை நோக்க, இதுவோ 80,000 நிலைகளையே நோக்கியது.

அவ்வாறாயின் மனிதர் ஆடுவதாற் பயனென்ன? 2024 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் நடந்த உலக வாகையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சீனவீரர் டிங் லிரென் தம் தேரைத் தவறாக நகர்த்தினார். பார்வையாளர் கையிலிருந்த நிரல்கள் அப்பிழையை உடனே காட்டிவிட்டன. பலகையின்முன் இருந்த 18 வயதுச் சென்னை இளைஞர் குகேஷ், எவர் துணையுமின்றி அதனைத் தாமே கண்டறிதல் வேண்டியிருந்தது. கண்டறிந்தார், வாகையரானார். உலகம் கொண்டாடியது நிரலையன்று, அவரையே.

அன்று யந்திரத்தினுள் மனிதன் ஒளிந்திருந்தான். இன்று மனிதனிடம் யந்திரம் ஒளிந்திருக்கிறதோ எனப் போட்டி நடத்துவோர் வீரர்களைச் சோதிக்கின்றனர். 2019 ஆம் ஆண்டிற் பிரான்சில் கைத்தொலைபேசியின் துணையை நாடிய கிராண்ட்மாஸ்டர் ஒருவர் தம் பட்டத்தையே இழந்தார். வலிமையில் யந்திரத்துக்குத் தோற்ற பின்னரும், நேர்மையாகச் சிந்தித்துப் பெறும் வெற்றிக்கு மனிதர் தரும் மதிப்புக் குறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.