கொச்சிச் சுவரும் செப்புத்தகடும்

களமசேரியில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். படம் கற்பனையாக இருக்க வேண்டுமா, தத்ரூபமாக இருக்க வேண்டுமா என்று பிள்ளைகளுக்குள் ஓயாத வழக்கு. மட்டாஞ்சேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள் என்பேன்.

அங்குள்ள அரண்மனை 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததில் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம். கீழறையில் கோவர்த்தனம் தூக்கிய கண்ணன். அந்த மரங்களை எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது. அளந்து அடுக்கினாற்போல இலைகள்.

ஆனால் கேரளச் சுவர்ச்சித்திர மரபில் பச்சை என்பதே செடிதான். அவுரி இலைச் சாற்றில் எரவிக்கறை என்னும் மஞ்சள் மரப்பாலைக் கலந்தால் பச்சை. சிவப்பும் மஞ்சளும் காவிக்கற்கள். கறுப்பு, நல்லெண்ணெய் விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்த கரி. வெள்ளைக்குத் தனிச் சாயமில்லை. சுண்ணாம்பை இளநீரில் கரைத்து இருபது முப்பது தடவை பூசிய சுவரே வெள்ளை. நிறம் ஒட்ட வேப்பம்பிசின். சுண்ணாம்பின் காரத்துக்கு எந்தச் சாயம் தாங்கும் என்று தெரியாதவருக்கு அங்கே வேலை கிடையாது.

1663-ல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்களின் ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற மலபார்ச் செடிநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது, 742 செடிகொடிகள். பறித்துவந்த செடி வாடுமுன் வரைந்தவர்களில் கூட்கிண்ட், ஸ்ப்ளிண்டர் என்ற இருவரின் பெயர் பதிவாகியிருக்கிறது. செடியின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளி வைத்தியர் இட்டி அச்சுதன். 1675-ல் கோலெழுத்து என்னும் பழைய மலையாள எழுத்தில் அவர் எழுதிக்கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே இருக்கிறது. முதல் செடி தென்னை: மரம் தனியாக, பாளை தனியாக, காய் தனியாக. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் எல்லாமே கறுப்புக் கோடு. தாவரவியலாளர் லின்னேயஸே செடிகளுக்குப் பெயரிட இந்தப் படங்களை நம்பினார்.

சுவரில் செடியின் சாறு உண்டு, சாயல் இல்லை. புத்தகத்தில் சாயல் உண்டு, நிறம் இல்லை. இரண்டையும் தாங்கியது செடியறிந்தவரின் அறிவு. புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. சுவருக்காக இலை பறித்து அரைத்தவர் யாரென்று எங்கும் எழுதவில்லை.

அந்த அறிவும் அறுந்துபோக இருந்தது. 1970-ல் குருவாயூர்க் கோயில் தீயில் சித்திரங்கள் கருகியபோது, பழைய முறையில் திரும்பத் தீட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற ஓவியர்களை வைத்து 1989-ல் தேவஸ்வம் அங்கே சுவர்ச்சித்திரப் பள்ளி தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

என் வகுப்பில் சேர்ந்ததும் தூரிகை கிடையாது. வேலியோரம் கூட்டிப்போவேன். அவுரி எது, கொழிஞ்சி எது என்று பிரித்துக் காட்டுகிற பிள்ளைக்குத்தான் தூரிகை. அதற்குப் பிறகு கற்பனையோ தத்ரூபமோ, அவரவர் இஷ்டம்.